சிற்றாறு போகும் வழி

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசியில் காலையில் கடை திறக்கிறவர்கள் முதலில் மேற்கே பார்க்கிறார்கள். மலை பளிச்சென்று தெரிந்தால் குற்றாலச் சீசன் இன்னும் வரவில்லை. மலையைக் காணோம் என்றால் வந்துவிட்டது. டீக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர், "மலை மறைஞ்சிட்டுல்லா அண்ணாச்சி" என்கிறார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "ராத்திரியே மெயின் அருவில தண்ணி விழுந்துட்டாம்" என்கிறார். அரை மணி நேரத்தில் அந்தச் செய்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை பஸ்ஸிலும் ஏறிவிடுகிறது.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை அடித்துக் கொட்டும் மாதங்களில், மலைக்கு இந்தப் புறம் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. அந்த வழியாக ஈரக்காற்று நுழைந்து தென்காசி, செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி எல்லாவற்றின் மேலும் சாரலைத் தூவுகிறது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும். சட்டை நனைவதற்குள் காற்று உலர்த்திவிடும். தரையில் தூவுவது இவ்வளவுதான். மலை உச்சியில் விழுவது வேறு. அங்கே நாள் கணக்கில் பெய்கிற மழை ஒன்றுகூடி இறங்கும் வழிதான் சிற்றாறு.

அதன் நீளம் சுமார் 80 கிலோமீட்டர். அதில் ஊர் உலகம் பார்ப்பது ஒரே ஒரு இடத்தை, குற்றாலத்தில் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து அது பாறையில் சரிந்து விழும் இடத்தை மட்டும். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அருவியின் பெயர் தெரியும். ஆற்றின் பெயர் தெரியாது. ஈரத் துண்டைப் பிழிந்து உதறியதும் குற்றாலம் முடிந்துவிடுகிறது. ஆறு அங்கேதான் ஊருக்குள் நுழைகிறது.

*

மேலே, திரிகூடமலையில், அது ஆறாகவே தெரியாது. மூன்று சிகரம் கூடிய மலை என்பதால் அந்தப் பெயர். மரங்கள் வானத்தை அடைத்து நிற்கின்றன. இலைச் சருகுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. பாறை இடுக்கில் விரல் அகலத்துக்கு ஒரு கசிவு. நாலு அடி தள்ளி இன்னொன்று. இரண்டும் ஒரு வேரைச் சுற்றி வந்து சேர்கின்றன. மழை நின்று வெயில் வந்த பிறகும் இந்தக் கசிவு நிற்பதில்லை. காடு தண்ணீரைப் பிடித்து வைத்து, தன் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மழை ஓய்ந்த நாளிலும் அருவி விழுவது இதனால்தான்.

தேனருவி மிக உயரத்தில் இருக்கிறது. பாறை முகப்பில் தேனடைகள் தொங்கும் இடம். வழி ஆபத்தானது என்று வனத்துறை யாரையும் விடுவதில்லை, அது நல்லதுதான். அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி. செண்பக மரங்கள் சூழ்ந்த இடத்தில் செண்பகாதேவி அம்மன் கோயில். சித்ரா பௌர்ணமிக்கு இங்கே விழா நடக்கும். தூக்குச்சட்டியும் பூசைப் பையுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். மற்ற நாட்களில் இங்கும் கட்டுப்பாடு உண்டு. மந்தியும் மலையணிலும் இருக்கும் காடு. அட்டை கடிக்காமல் இந்தப் பாதையில் திரும்பியவர் குறைவு.

மலையின் செடி கொடிகளைத் தேடி வந்தவர்களும் உண்டு. தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் 1830களில் இங்கே வந்து செடிகளைச் சேகரித்தார். அதற்கும் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலச் சரிவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்து அதிகாரி காசாமேஜரின் பெயர் காசிமேஜர்புரம் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருக்கிறது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குற்றாலக் கடைகளில் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இந்த ஈரமும் நிழலும்தான். பழக்கடை அம்மா ஒரு மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்துகிறாள். தடித்த ஊதாத் தோல் வெடித்து, உள்ளே வெள்ளைச் சுளைகள் தெரிகின்றன. "சாப்பிட்டுப் பாருங்க, நல்லாருந்தா வாங்குங்க" என்று நீட்டுகிறாள். விரலில் ஏறிய சாயத்தைச் சேலையில் துடைப்பதில்லை. அந்தக் கறை போகாது என்று அவளுக்குத் தெரியும்.

*

செண்பகாதேவியைத் தாண்டி இறங்கும் ஆறு பேரருவியாக விழுகிறது. நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவழியில் பாறையில் ஆழமான ஒரு குழி. மேலிருந்து வரும் தண்ணீர் முழுதும் அதில் விழுந்து பொங்கி, விளிம்பு தாண்டி மறுபடி சரிகிறது. பொங்குமாங்கடல் என்று பெயர். வேகத்தை அந்தக் குழி வாங்கிக்கொள்வதால்தான் கீழே மனிதர் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. குற்றாலத்துக் குளியல் முழுவதும் அந்தப் பள்ளத்தின் தயவு.

விடியற்காலை நாலரை மணிக்கே ஆள் வந்துவிடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் வெண்மையாக இறங்குகிறது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கம்பி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முதல் முறை வந்த பையன் ஒருவன் ஓரத்தில் நின்று கையை மட்டும் நீட்டிப் பார்க்கிறான். அவன் அப்பா ஒன்றும் சொல்லாமல் தோளைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். பையனின் அலறல் ஒரு நொடிதான் கேட்கிறது. அடுத்த நொடி தண்ணீரின் இரைச்சல் அதை எடுத்துக்கொள்கிறது. வெளியே வந்தவன் மூச்சு வாங்கச் சிரிக்கிறான், திரும்ப உள்ளே போகிறான். இனி அவனை வெளியே இழுக்கத்தான் ஆள் வேண்டும்.

பக்கத்துப் பாறைகளில் சிறு சிறு சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருவிக்கு எதிரே சங்கு வடிவில் குற்றாலநாதர் கோயில். குழல்வாய்மொழி அம்மன். தலமரம் குறும்பலா. இங்கே மூலவருக்கு மூலிகைத் தைலம் காப்பிடுவது வழக்கம். இடைவிடாத குளிரிலும் ஈரத்திலும் இருக்கும் சாமிக்குத் தலைவலி வரக்கூடாது என்பது பக்தர்களின் அக்கறை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, செப்புக் கூரை வேய்ந்த சித்திர சபை. நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்ற நான்கிலும் கூத்தன் சிலையாக நிற்க, இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறான்.

கோயில் தைலம் உள்ளே. வெளியே, அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையைக் குவித்து எண்ணெயை ஊற்றி, வந்தவரின் உச்சந்தலையில் பொத்துகிறார். இரண்டு கையும் தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகுத்தண்டு என்று இறங்குகின்றன. பேச்சு கிடையாது. கடைசியில் முதுகில் ஒரு தட்டு. போகலாம் என்று அர்த்தம். அந்த உடம்பு அருவிக்குள் போய் நிற்கிறது. காலடியில் ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்த்தால் எண்ணெய் தனியாகத் தெரிகிறது. பாறையின் ஒரு பள்ளத்தில் தேங்கி, மெல்லிய படலமாக விரிந்து, நீலமும் ஊதாவுமாக நிறம் காட்டி, அடுத்த அலை வந்ததும் கிழிந்து கீழே போகிறது. பின்னாலேயே ஒரு ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலை, வெள்ளி நிறம் மேலாக மிதந்துகொண்டு.

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. அறிவிப்புப் பலகை இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி, ஒரு இளைஞனின் கையிலிருந்து சோப்பை வாங்கித் தூரப் போடுகிறார். ஆயிரம் பேருக்கு ஒரு விசில். தடை எழுதினவர்கள் ஆற்றைப் பற்றி யோசித்தார்கள். குளிக்கிறவர்கள் அருவியைத்தான் பார்க்கிறார்கள், அது விழுந்த பிறகு எங்கே போகிறது என்று யோசிப்பதில்லை.

மதியம் மேலே கருத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கொஞ்சம் பழுப்பாகியது. இலையும் சுள்ளியும் விழத் தொடங்கின. முதலில் கவனித்தவர் எண்ணெய் தேய்க்கிறவர்தான். துண்டை எடுத்து ஆட்டி, "தண்ணி கூடுது, மேல வாங்க, மேல வாங்க!" என்று குரல் கொடுத்தார். போலீஸ் விசில் அதற்குப் பிறகு. பத்து நிமிடத்தில் இடம் காலியானது. வெளியில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்க, அருவி பாதுகாப்பு வளைவுக்கு மேலே பாய்ந்து விழுந்தது. "ஆர்ச்சைத் தாண்டிட்டு. இனி இன்னைக்குக் குளிக்க முடியாது" என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் பரோட்டாக் கடை பக்கம் நடந்தார். இந்த எச்சரிக்கை விளையாட்டில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் கோடைமழையின் திடீர் வெள்ளம் வந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலையில் பெய்வது கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. ஆற்றோடு பழகியவர்கள் நிறத்தையும் சுள்ளியையும் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

*

பேரருவிக்குக் கீழே கடைகளும் விடுதிகளும் நெருங்கி நிற்க, அவற்றின் முதுகுப் பக்கமாக ஆறு போகிறது. நேந்திரம் சிப்ஸ் பொரியும் வாசனை, ஈரத்துணி வாசனை, மாட்டு வண்டி நாளிலிருந்து இருக்கும் பழைய சத்திரங்கள். அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு. சத்தம் சட்டென்று குறைகிறது. அருவியில் இரைந்த அதே தண்ணீர் இங்கே முழங்கால் அளவில், கூழாங்கல் தெரிய, பேசாமல் போகிறது.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். இந்த நூலைப் படித்துப் படித்து மகிழ்ந்து, ஊருக்கெல்லாம் சொன்னவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். கடைசிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்து 1954இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து தங்கியவர்கள். அருவியையும் சாப்பாட்டையும் கவிதையையும் ஒரே ருசியோடு பரிமாறிய வீடு அது.

தென்காசியில் ஆறு நகரத்தைச் சந்திக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். வாசலுக்குள் கால் வைத்தால் காற்று எதிரே வந்து நெஞ்சில் தள்ளும். கணவாய் வழியாக வரும் காற்று. இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர்களுக்குத் தான் அடிபணிவதாகக் கல்லில் எழுதி வைத்த அரசன் அவன். அந்த வேண்டுகோள் வீண்போகவில்லை. இடிந்து கிடந்த கோபுரத்தை மக்கள் திரும்பக் கட்டினார்கள், 1990இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் காக்கப்பட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு அப்படி யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை.

ஆற்றைக் கடக்கும் யானைப்பாலத்தின் அடியில் நின்று பார்த்தேன். ஆடி அமாவாசை. படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு நடுவயதுக்காரர் கையில் எள்ளும் தண்ணீரும். சாஸ்திரிகள் கேட்கக் கேட்க, அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். மூன்று தலைமுறைப் பெயர் அந்தத் தண்ணீரில் இறங்குகிறது. அவருக்குப் பத்தடி மேலே, கரையின் கல் இடுக்கிலிருந்து ஒரு சாக்கடை வந்து ஆற்றில் விழுகிறது. சாம்பல் நிறத்தில் நுரையோடு. விழுந்த இடத்திலிருந்து அது ஆற்றோடு கலக்கக் கொஞ்ச தூரம் எடுத்துக்கொள்கிறது. அதுவரை ஒரே ஆற்றில் இரண்டு நிறம் ஓடுகிறது. கூட வந்த சிறுமி இரண்டு நிறத்துக்கும் நடுவிலான அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தாத்தா அதுக்குள்ளயா இருக்காவ?" என்று அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா பதில் சொல்லாமல் அவளைக் கரைப் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.

பாலத்துக்குக் கீழே கரையோரம் அமலைச் செடி படர்ந்திருக்கிறது. ஊதாப் பூ பார்க்க அழகுதான். கழிவு சேரும் இடத்தில் கொழுத்து வளரும் பூ அது. எங்கே சாக்கடை விழுகிறது என்று தெரிந்துகொள்ள அமலையைப் பார்த்துக்கொண்டே கரையில் நடந்தால் போதும்.

*

தென்காசியைத் தாண்டினால் சிற்றாறு தனியாக இல்லை. ஐந்தருவியில் விழுந்த தண்ணீர் ஐந்தருவி ஆறாக வந்திருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து அரிகர நதியும் குண்டாறும். பழைய குற்றாலத்துப் பக்கமிருந்து அழுதகண்ணி ஆறு. ஒவ்வொன்றும் இந்த மலையின் ஒவ்வொரு மடிப்பிலிருந்து இறங்கியது. குண்டாற்றின் அணை 36 அடிதான். சீசன் தொடங்கிய சில நாட்களில் நிரம்பி வழிந்துவிடும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. மாநில எல்லை மாறியபோதும் தண்ணீர் இறங்கும் பக்கம் மாறவில்லை.

இங்கிருந்துதான் அந்த ஆற்றின் வேலை ஆரம்பிக்கிறது. சிற்றாற்றின் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. 17 அணைக்கட்டுகள் இருக்கின்றன. உயரமில்லாத கல் அணைகள். ஆற்றை நிறுத்துவதில்லை, தலையைக் கொஞ்சம் திருப்பிவிடுகின்றன. திரும்பிய தண்ணீர் கால்வாயில் போய்க் குளத்தில் விழும். குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மானூர்ப் பெரிய குளம் வரை இந்த ஆற்றின் தண்ணீர் கால்வாய் பிடித்துப் போகிறது. குற்றாலத்து மழை, மழையே பார்க்காத ஊர்க்குளத்தில் போய் நிற்பது இப்படித்தான்.

வரப்பில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வருகிறார். நீர்ப்பாய்ச்சி. இந்த ஆயக்கட்டில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. மடை வாயில் நின்று, கரையைக் காலால் தட்டிப் பார்க்கிறார். மண்வெட்டியை ஒரே ஒரு முறை இறக்கி, ஒரு கட்டி மண்ணைத் தூக்கி வலப்பக்கம் வைக்கிறார். வாய்க்கால் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, வெட்டிய வாய் வழியாக நுழைகிறது. காய்ந்த மண்ணின் வெடிப்பில் முதலில் நுரை, பிறகு தண்ணீர். வெடிப்பிலிருந்து எறும்புகளும் ஒரு தவளையும் வெளியே வருகின்றன. எங்கிருந்து கண்டதோ, இரண்டு கொக்குகள் வந்து இறங்கிவிட்டன. வயலுக்குச் சொந்தக்காரர் தூரத்திலிருந்து, "அண்ணே, நம்ம கீழ வயலுக்கும் சேர்த்து விடுங்க" என்கிறார். நீர்ப்பாய்ச்சி திரும்பிப் பார்க்காமல், "மேல இன்னும் ரெண்டு வயல் கெடக்கு. அது முடியட்டும்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது. மேல்மடையும் கீழ்மடையும் தகராறில்லாமல் தண்ணீர் பெறுவது இந்த இரண்டு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

சாரல் தண்ணீரில் கார் பயிர். ஐப்பசி, கார்த்திகை அடைமழைத் தண்ணீரில் பிசானப் பயிர். ஆண்டுக்கு இரண்டு மழை வாங்கும் அதிர்ஷ்டம் இந்த ஆற்றுக்கு உண்டு. இரண்டும் பொய்த்தால் இரண்டு போகமும் போகும். இரண்டாவது மழை சில ஆண்டுகளில் அளவு மீறியும் வரும். 2024 டிசம்பரில் குற்றாலத்திலும் தென்காசியிலும் அப்படித்தான் வெள்ளம் கரைபுரண்டது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கிணறுகள். கிணற்றின் ஊற்றுக்கும் மேலே ஆற்றில் ஓடும் தண்ணீருக்கும் உறவு இருக்கிறது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வண்டிகள் விடியுமுன்னே வந்து நிற்கின்றன. இந்த ஊர்கள் எல்லாம் நம்பி நிற்பது அந்த மலையை.

*

வீரகேரளம்புதூரில் அனுமன் நதி வந்து சேர்கிறது. மேக்கரைக்கு மேலே அடவிநயினார் அணையில் நின்று வந்த தண்ணீர் அது. 132 அடி உயர அணை. கடையநல்லூர்ப் பக்கத்துக் கருப்பாநதியின் 72 அடி அணையும் இந்த வடிநிலத்தைச் சேர்ந்ததுதான். இரண்டு ஆறு கூடும் ஊர் என்பதாலோ என்னவோ, ஊற்றுமலை ஜமீன்தார்கள் இங்கே அரண்மனை கட்டிக்கொண்டார்கள். இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரவில் இருந்துதான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். கழுகுமலை முருகன் மேல் பாடிய பாட்டு, சிற்றாற்றங்கரையில் சோறு உண்டு வளர்ந்தது. இன்று அரண்மனைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. ஆறு கூடும் இடத்தில் நான்கு பையன்கள் டவுசரோடு குதித்துக்கொண்டிருக்கிறார்கள். கரையில் எருமைகள். "கசத்துப் பக்கம் போவாதீங்கலே" என்று துணி துவைக்கும் ஒரு பெண் அதட்டுகிறாள். அவர்கள் அவள் பிள்ளைகள் இல்லை. ஆற்றங்கரையில் அது ஒரு பொருட்டில்லை.

இதற்கு மேல் கிழக்கே போகப் போக மலை பின்னால் நகர்கிறது, காற்று காய்கிறது, மண் நிறம் மாறுகிறது. தென்னை போய்ப் பனை வருகிறது. பனைக்கு நடுவே உடைமரம். ஆற்றின் நடுவில் நாணல் திட்டுகள். ஒவ்வொரு அணைக்கட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு வந்ததால் தண்ணீர் மெலிந்து, மணலில் ஒரு ஓரமாகப் போகிறது. கங்கைகொண்டானில் நாற்கரச் சாலையின் பாலத்தை லாரிகள் கடக்கின்றன. ரயில் பாலமும் அருகில்தான். ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் கூரைகள். இன்னொரு பக்கம் 2013இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம். தொழிற்சாலைக்கும் தண்ணீர் வேண்டும், மானுக்கும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓடுவது இந்த மெலிந்த ஆறு. பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் குற்றாலத்திலிருந்து ஊர் திரும்புகிறவர் ஒருவர் இந்தப் பாலத்தைத் தாண்டிப் போயிருப்பார். காலையில் தன் தலையில் விழுந்த ஆறு கீழே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

*

சீவலப்பேரியில் சிற்றாறு முடிகிறது. பொதிகையிலிருந்து வரும் தாமிரபரணி, கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் கோதண்டராம நதி, நம் சிற்றாறு, மூன்றும் கூடும் முக்கூடல். முக்கூடற்பள்ளு பாடப்பட்ட இடம். கரையில் அழகர் கோயில். பள்ளர் உழவையும் நெல் வகைகளையும் ஆற்று வெள்ளத்தையும் விரிவாகச் சொல்லும் அந்த நூல், குறவஞ்சி பிறந்த அதே ஆற்றின் மறுமுனையில் பிறந்திருக்கிறது. தொடக்கத்தில் அருவியைப் பாடிய நூல், முடிவில் வயலைப் பாடிய நூல். ஒரு சிற்றாறு இரண்டு இலக்கியத்தைக் கொடுத்திருக்கிறது.

இப்படி ஒரு கூடல் ஜெர்மனியிலும் உண்டு. அங்கே பாவேரியக் காட்டில் இல்ஸ் என்று ஒரு சிறிய ஆறு. அதுவும் மலைக்காட்டில் பிறந்து, சிற்றாற்றைவிடக் கொஞ்சம் குறைந்த தூரம் ஓடி, பாசௌ நகரில் டான்யூபில் சேர்கிறது. இன் என்ற இன்னொரு ஆறும் அங்கேயே சேர்வதால் அதுவும் ஒரு முக்கூடல்தான். சதுப்பு மண் வழியாக வருவதால் இல்ஸின் நீர் கருமையாக இருக்கும். மூன்று நிறம் சேர்வதைப் பார்க்க ஜனங்கள் கரையில் கூடுகிறார்கள். தூய நீரில் மட்டுமே வாழும் ஆற்று முத்துச்சிப்பிக்கு அது ஒரு புகலிடம். அவ்வப்போது ஒரு ஆற்றை எடுத்து நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அங்கே உண்டு. 2002–2003க்கு இல்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வளைவையோ ஒரு அருவியையோ தேர்ந்தெடுக்கவில்லை. ஊற்றிலிருந்து கூடல் வரை முழு ஆற்றையும் எடுத்துக்கொண்டார்கள். நாம் கற்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

சீவலப்பேரிக் கரையில் உறைகிணறுகள் நிற்கின்றன. இங்கிருந்து குழாயில் ஏறும் தண்ணீர் கரிசல் காட்டைக் கடந்து கோவில்பட்டிக்குப் போகிறது. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்யும் ஊர். முறை வைத்துத் தண்ணீர் வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர். முக்கூடலில் பெரும்பங்கு தாமிரபரணியின் தண்ணீர்தான். சிற்றாற்றின் பங்கும் அதில் கலந்திருக்கிறது. பேரருவிப் பாறைப் பள்ளத்தில் நிறம் காட்டிப் போன எண்ணெய்ப் படலத்துக்கும், யானைப்பாலத்தடியில் விழுந்த சாக்கடைக்கும் போய்ச் சேர வேறு இடமில்லை. அவை போகும் திசையில் ஒரு ஊர் குடத்தோடு நிற்கிறது.

சிற்றாறு முக்கூடலுக்கு மெலிந்து வந்து சேர்வதில் எனக்கு வருத்தமில்லை. வழியில் அத்தனை குளத்துக்கும் வயலுக்கும் கொடுத்துவிட்டு வருகிற ஆறு மெலிந்துதான் வரும். அது அழுக்காக வந்து சேர்வதுதான் தாங்கவில்லை. அதைச் செய்வது மழையோ மலையோ இல்லை, நாம். ஆகவே அதை மாற்றவும் நம்மால் முடியும். தென்காசியின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் ஒரு சொட்டும் விழக்கூடாது. குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் அருவிக்குள் போகாமல் தனிக் குளியலறைகளோடு நிற்க வேண்டும். எண்ணெய் தேய்க்கிறவர்களின் பிழைப்பு கெடாமலே அதைச் செய்யலாம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆற்றின் மேல்பாதிக்குப் பொறுப்பாக ஒரு நிர்வாகம் அருகிலேயே இருக்கிறது. அது திருநெல்வேலியோடு சேர்ந்து, தேனருவியிலிருந்து முக்கூடல் வரை ஒரே ஆறாகக் கணக்கில் எடுத்துப் பார்க்கட்டும். அருவிக்கு வருகிறவர்கள் அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, யானைப்பாலத்திலோ ஏதாவது ஒரு அணைக்கட்டிலோ இறங்கி நின்று பார்க்கட்டும். தன் தலையில் விழுந்த தண்ணீர் அடுத்து யாருக்குப் போகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டவர் ஷாம்பு பாக்கெட்டை அருவியில் போடமாட்டார்.